தோற்ற ஆட்டத்தைக் கிழிக்காதீர்கள்

வார இறுதியிலிருந்து எல்லா வட்ஸ்அப் குழுவிலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சதுரங்கப் போட்டி நடந்த மண்டபத்துக்கு வெளியே பத்து வயதுகூட இருக்காத ஒரு பிள்ளை அழுதுகொண்டு நிற்கிறது. தகப்பன் ஸ்கோர் சீட்டை வாங்கிப் பார்க்கிறார், நாலாகக் கிழிக்கிறார், பிறகு ஏசத் தொடங்குகிறார். யார், எந்தப் பாடசாலை என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. ஏசியதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குத் தாங்க முடியாமல் இருப்பது அந்தக் கிழித்த தாள். அதைவிட, "சரியாத்தான் செய்தார், அப்பத்தான் ரோசம் வரும்" என்று கீழே வந்து விழுந்த கருத்துகள். எழுதியவர்களில் சிலர் எனக்குத் தெரிந்தவர்கள். என் மகளோடு விளையாடும் பிள்ளைகளின் பெற்றோர்.

அந்தத் தாள் என்ன என்று தெரிந்துதான் கதைக்கிறீர்களா? ஒரு பிள்ளை மணிக்கணக்கில் கதிரையில் இருந்து, தன்னுடைய நகர்த்தலையும் எதிரே இருப்பவரின் நகர்த்தலையும் ஒன்று விடாமல் தன் கையால் எழுதியது. எங்கே பிழைத்தது என்று வீட்டுக்கு வந்து பார்க்க அதுதான் இருக்கிறது. வென்ற ஆட்டத்தின் தாள் தொலைந்தால் பெரிய நட்டமில்லை. தோற்ற ஆட்டத்தின் தாள் போனால் அந்த நாளே வீண். ஸ்கோர் சீட் போட்டியை நடத்துபவர்களுக்குச் சொந்தம் என்று உலக சதுரங்க சம்மேளனமான ஃபிடேயின் விதியிலேயே இருக்கிறது. அதைக் கிழிக்க அந்தத் தகப்பனுக்கு உரிமையே இல்லை.

2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் உலக சம்பியன் ஆனபோது கொழும்பு வெள்ளவத்தையில் எத்தனை பேர் "நம்ம தமிழ்ப் பெடியன்" என்று ஸ்டேட்டஸ் போட்டீர்கள்? நானும் போட்டேன், சந்தோசமாகத்தான் போட்டேன். ஆனால் அந்தப் பெடியன் அப்போதைய உலக சம்பியன் டிங் லிரனிடம் முதல் ஆட்டத்திலேயே, அதுவும் வெள்ளைக் காய்களோடு விளையாடித் தோற்றவர். பதினோராவது ஆட்டத்தை வென்று முன்னுக்கு வந்தார், பன்னிரண்டாவதில் மறுபடியும் தோற்றார். அதற்கு முன்பு டொரொன்டோவில், உலக சம்பியனோடு மோதுபவரைத் தெரிவுசெய்யும் கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாவது சுற்றில் அலிரேசா ஃபிரோஜாவிடம் தோற்றார். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் இந்தப் போட்டி தன்னுடையதாக இருக்கலாம் என்ற நம்பிக்கை வந்ததாக அவரே பின்னர் சொன்னார். பதினேழு வயதில்! சம்பியன் ஆகி இரண்டு மாதம் முடிவதற்குள் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸே போட்டியில் கடைசிச் சுற்றில் தோற்றார், அதே நாள் முதலிடத்தைத் தீர்மானிக்க வைத்த டைபிரேக்கரில் பிரக்ஞானந்தாவிடமும் தோற்றார். அந்தப் பிரக்ஞானந்தாவும் அன்று கடைசிச் சுற்றில் கீமரிடம் தோற்று, டைபிரேக்கரின் முதல் ஆட்டத்திலும் தோற்று, அதற்குப் பிறகுதான் கிண்ணத்தை எடுத்தார். இவர்களுடைய தோல்விகள் எல்லாம் இணையத்தில் நகர்த்தல் நகர்த்தலாகக் கிடக்கின்றன. ஒருவரும் கிழிக்கவில்லை. உலகம் முழுக்கப் பிள்ளைகள் அவற்றைப் பார்த்துப் படிக்கிறார்கள்.

என் மகளின் கதையையும் சொல்கிறேன். போன வருடம் தொடர்ந்து தோற்றாள். ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஒரு போயா விடுமுறையில் தோற்ற ஆட்டங்களின் தாள்களையெல்லாம் மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு இருந்தோம். திறப்பில், அதாவது ஆட்டத்தின் தொடக்கத்தில், பிழை இல்லை. நல்ல நிலைக்கு வருகிறாள், எதிராளியைவிட ஒரு ரூக் (கோட்டைக் காய்) கூடவும் இருக்கிறது, அதற்குப் பிறகு எதிராளி என்ன செய்யப்போகிறான் என்று பார்க்காமல் கடகடவென்று நகர்த்துகிறாள். இன்னொன்றையும் கண்டோம். அநேகமான தோல்விகள் மத்தியானத்துக்குப் பிறகு வரும் சுற்றில்தான். சோற்றுப் பார்சலை முழுசாகச் சாப்பிட்டுவிட்டு நித்திரை முகத்தோடு போய் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது போட்டி நாளில் வாழைப்பழமும் பணிஸும்தான், வீட்டுக்கு வந்துதான் சோறு. இதை எந்தக் கோச் கண்டுபிடித்திருப்பார்?

வென்ற ஆட்டங்களையும் பார்த்தோம். அவள் மிகவும் பெருமைப்பட்ட ஒரு வெற்றியைக் கணினியில் போட்டால், முப்பதாவது நகர்த்தல் வரை தோற்றுக்கொண்டிருந்திருக்கிறாள். எதிரே இருந்த பிள்ளை ராணியைச் சும்மா கொடுத்ததால் வென்றிருக்கிறாள். அந்த வெற்றிக்கு நாங்கள் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தோம், படமும் போட்டோம். அதே பிழைகளை அடுத்த போட்டியிலும் விட்டாள். வென்றால் யாரும் தாளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தோற்ற தாளையும் கிழித்துவிட்டால் பிள்ளை எதிலிருந்துதான் படிக்கும்?

"அந்தத் தகப்பன் எவ்வளவு செலவழிக்கிறார் தெரியுமா?" என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். தெரியும் அக்கா. நன்றாகவே தெரியும். இந்தியக் கோச்சுக்கு டொலரில் கட்டுவது, நுழைவுக் கட்டணம், ஓட்டோக் காசு, லீவு போட்டால் வெட்டும் சம்பளம் எல்லாம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொழும்பில் ஒரு நடுத்தரக் குடும்பம் பிள்ளையைச் சதுரங்கத்துக்கு அனுப்புவதென்றால் வேறு எதையோ வெட்டித்தான் அனுப்ப வேண்டும். அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய பாடம் அந்தத் தாளில்தானே இருந்தது? காசின் அருமை தெரிந்தவர் அதைப் பத்திரமாக மடித்து வீட்டுக்கு அல்லவா கொண்டுபோயிருக்க வேண்டும்?

"ரேட்டிங் போகுதே" என்கிறார்கள், ஆட்டக்காரரின் தரத்தைக் காட்டும் ஃபிடே புள்ளியைத்தான் சொல்கிறார்கள். போகட்டும். தன் அளவான ஒருவரிடம் தோற்றால் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 20 புள்ளி இறங்கும், அதே அளவான ஒருவரை வென்றால் 20 ஏறும். பிள்ளைகளுக்குச் சட்டென்று ஏறி இறங்கும்படிதான் அந்தக் கணக்கை வைத்திருக்கிறார்கள்.

"கார்ல்சனே மேசையில் குத்தினாரே, தோல்வி என்றால் கோபம் வரத்தான் செய்யும்" என்று ஒரு அண்ணா. 2025இல் நோர்வேயில் குகேஷிடம் தோற்றபோது குத்தினார், உண்மை. ஐந்து தடவை உலக சம்பியனாக இருந்தவருக்குத் தன் பிழை மீது வந்த கோபம் அது. உடனே குகேஷிடம் மன்னிப்பும் கேட்டார். விளையாடியவர் கோபப்படுவதும், வெளியே கதிரையில் இருந்தவர் கோபப்படுவதும் எப்படி ஒன்றாகும்? அந்தப் பிள்ளைதான் தோற்றது. அழுகிற உரிமையும் அந்தப் பிள்ளைக்குத்தான்.

இன்னொருவர் எனக்கு எழுதிய பதில் சுருக்கமானது. "உங்கட பிள்ளை தோற்கிறதால இப்படிச் சொல்றீங்க." அதற்கு நான் பதில் எழுதவில்லை. இரவு முழுக்க அது மனசுக்குள் கிடந்தது.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் படித்த காலத்தில் ஒரு சேர் சொல்லித்தந்தார். வென்ற ஆட்டத்தைக் கொண்டுபோனால் "வைச்சுக்கொள்" என்பார். தோற்றதைக் கொண்டுபோனால் பக்கத்தில் இருத்திக்கொள்வார். சீ.ஆர். கொப்பியில் அதை மறுபடியும் எழுதி, பிழைத்த இடத்தில் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம் போடவேண்டும். ஓ.எல். வந்ததும் "பெண் பிள்ளைக்கு இனி இது எதற்கு" என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். நான் பெரிய ஆட்டக்காரி ஆகியிருப்பேன் என்று சொல்ல வரவில்லை. தோற்றுப் பார்க்கக்கூட எனக்கு இடம் கிடைக்கவில்லை. பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலியைப் பாருங்கள், அவரும் சதுரங்க ஆட்டக்காரிதான். 2025 ஆகஸ்டில் சொந்த ஊரான சென்னையில் நடந்த போட்டியில் அடுத்தடுத்துத் தோற்றார், எல்லோரும் பார்க்கத் தோற்றார். அடுத்த மாதமே சமர்கந்தில் கிராண்ட் ஸ்விஸ் போட்டியை வென்று கேண்டிடேட்ஸுக்குத் தகுதி பெற்றார். சென்னையோடு யாராவது அவரை வீட்டில் இருத்தியிருந்தால்?

நாங்கள் எல்லாவற்றையும் இப்படித்தான் செய்கிறோம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்தால் சித்தியடைந்த பிள்ளைகளின் படத்தோடு டியூசன் வாசலில் பெனர் கட்டுகிறோம். படம் வராத பிள்ளைகள் அதே வாசலால் உள்ளே போய் அடுத்த நாளும் படிக்க வேண்டும். பத்து வயதிலேயே அவர்களுக்கு முடிந்துவிட்டது என்று சொல்கிறோம். இப்போது விளையாட்டையும் அப்படி ஆக்கிவிட்டோம்.

அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்களிடமும் ஒன்று கேட்கிறேன், தகப்பனைக் கண்டித்துப் பகிர்ந்தவர்களிடமும்தான். பிள்ளையின் முகம் தெளிவாகத் தெரிகிறது. அது திங்கட்கிழமை பாடசாலைக்குப் போயிருக்கும், வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள். அடுத்த போட்டிக்கு வந்தால் எதிரே உட்காருகிற பிள்ளையும் பார்த்திருக்கும். தயவுசெய்து அழித்துவிடுங்கள். என் பதிவின் கீழே யாராவது அதைப் போட்டால் நான் அழிப்பேன், போட்டவரையும் நட்பிலிருந்து எடுப்பேன். சொந்தக்காரர் என்றாலும் எடுப்பேன்.