குளத்து அலிகேட்டருக்கு ரொட்டி போடாதீர்கள்

ஃபுளோரிடாவுக்குக் குடிவரும் நம் ஆட்கள் முதலில் கேட்பது, "வீட்டுக்குப் பின்னாடி குளம் இருக்கே, அலிகேட்டர் வருமா?" என்பதுதான். அலிகேட்டர் என்பது முதலை இனத்தில் ஒரு வகை. வரும். இந்த மாநிலத்தின் 67 கவுண்டிகளிலும், அதாவது மாவட்டங்களிலும், அது உண்டு. மொத்தம் சுமார் 13 லட்சம் என்கிறது மாநில வனவிலங்குத் துறை. நன்னீர் இருக்கிற இடத்தில் அதுவும் இருக்கும் என்று எண்ணிக்கொள்வதே நல்லது.

போன வாரம் எங்கள் குளக்கரையில் ஒருவர் தன் பிள்ளைகளோடு நின்று அலிகேட்டருக்கு ரொட்டி வீசிக்கொண்டிருந்தார். ஐந்தடி நீளம் இருக்கும். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். வேண்டாமே என்றேன். "பாவம், பசிக்குதுபோல" என்றார். அப்போது எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அது தானாக மனிதனைத் தேடி வருகிற பிராணி இல்லை. நம்மைப் பார்த்தால் பெரும்பாலும் தண்ணீருக்குள் நழுவிவிடும். அந்தப் பயம்தான் நமக்கும் அதற்கும் காவல். தீனி போட்டால் அந்தப் பயம் போய்விடும். ஆள் வந்தால் சாப்பாடு வரும் என்று பழகிவிடும். அடுத்த நாள் வெறுங்கையோடு வரும் குழந்தையிடமும் அப்படித்தான் நெருங்கும். உடனே யாராவது புகார் செய்வார்கள், பிடிக்க ஆள் வரும். வேறு ஏரியில் விட்டுவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. புது இடத்தில் விட்டாலும் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும் என்பதால், நாலடிக்கு மேற்பட்டதைப் பெரும்பாலும் கொன்றுவிடுகிறார்கள். பாவம் பார்த்துப் போட்ட ரொட்டி அதன் உயிரையே வாங்கிவிடுகிறது. இங்கே தீனி போடுவது சட்டப்படி குற்றமும்கூட. மீன் சுத்தம் செய்த கழிவைத் தண்ணீரில் எறிவதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தால் பயப்பட வேண்டாம், உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சீறினால் மட்டும் நீங்கள் மிகவும் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், மெதுவாகப் பின்வாங்குங்கள். ஏப்ரலில் இணை தேடத் தொடங்கும்; அப்போது குளம் விட்டுக் குளம் போகும், சாலையையும் கடக்கும். ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் செடிகொடிகளைக் குவித்து முட்டையிடும். ஆகஸ்ட் கடைசிவாக்கில் குஞ்சுகள் கத்துவது கேட்கும். அழகாக இருக்கிறதே என்று தொட்டுவிடாதீர்கள், தாய் பக்கத்திலேயே இருக்கும்.

அப்புறம், நாய். அலிகேட்டரின் கண்ணுக்கு அது வழக்கமான இரையின் அளவுதான். கரையோரம் அவிழ்த்து விடவே கூடாது. அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும்வரை அலிகேட்டர் சுறுசுறுப்பாக இருக்கும் நேரம், அப்போது தண்ணீரில் இறங்காதீர்கள்.

1967இல் அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று பட்டியலில் சேர்க்கப்பட்ட உயிரினம் இது. 1987இல்தான் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். அதை நினைக்கும்போதுதான் மனம் இன்னும் கனக்கிறது.

நேற்று மாலை அந்தக் குளத்தோரம் நடந்தேன். என்னைக் கண்டதும் அது தண்ணீருக்குள் நழுவவில்லை. நேராகக் கரையை நோக்கி நீந்தி வந்தது.