மூன்றாவது மாடியில் நெட் இல்லை

சென்னையில் ஒரு பல்கலைக்கழக விடுதி, மூன்றாவது மாடி நடைவழி. ஞாயிற்றுக்கிழமை காலை. ராத்திரி மழையில் கொடித் துணியெல்லாம் மறுபடி நனைந்து தொங்குகிறது. தோளில் பையோடு நெட்வொர்க் டெக்னீஷியன் படியேறி வருகிறார். மேல்படியில் முதலாண்டு மாணவன் ஒருவன், கையில் மனுவோடு. ஊர் செங்கோட்டை.

மாணவன்: வாங்க அண்ணாச்சி! நேற்று சாயங்காலத்திலிருந்து மாடி முழுக்க நெட் இல்லை. மனு எழுதி வைத்திருக்கிறேன். 32 கையெழுத்து.

டெக்னீஷியன்: சென்னையில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர், தம்பி. அண்ணா என்று கூப்பிடு. லிஃப்ட் வேறு ஓடவில்லை, கொஞ்சம் மூச்சு விடுகிறேன்.

மாணவன்: அதற்கும் ஒரு மனு எழுதிவிடவா?

டெக்னீஷியன்: இரு, இரு. இந்தக் கையெழுத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன். நெட் பதிவுப் படிவத்தில் மேக் அட்ரஸ் கட்டத்தில் ‘என்னிடம் மேக் இல்லை, டெல்தான் இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தவன் நீதானே?

மாணவன்: உள்ளதைத்தானே எழுதினேன்?

டெக்னீஷியன்: அது வண்டிக்கு சேசிஸ் நம்பர் மாதிரி. மொத்தம் 12 எழுத்து. 0 முதல் 9 வரை, அப்புறம் ஏ முதல் எஃப் வரை. எந்தக் கம்பெனி லேப்டாப்பாக இருந்தாலும் உண்டு.

மாணவன்: போனுக்குக் கொடுத்த படிவத்தில் அதைச் சரியாகத்தான் எழுதினேன். அதையும் திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

டெக்னீஷியன்: அதில் இரண்டாவது எழுத்து ஏ. அந்த இடத்தில் 2, 6, ஏ, ஈ இந்த நாலில் எது வந்தாலும் கம்பெனி கொடுத்த நம்பர் இல்லை, போன் தானே வைத்துக்கொண்ட புனைபெயர் என்று அர்த்தம். ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்து ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைபெயர்.

மாணவன்: போன் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

டெக்னீஷியன்: போகிற இடத்திலெல்லாம் யாரும் அந்த நம்பரை வைத்து உன்னைப் பின்தொடரக் கூடாது என்றுதான். நல்ல ஏற்பாடு. ஆனால் புனைபெயரில் ரேஷன் கார்டு கேட்டால் நான் எப்படிக் கொடுப்பது? செட்டிங்கில் அசல் மேக் என்று மாற்றிவிட்டு மறுபடி எழுதிக் கொடு. சரி, மாடி விஷயத்துக்கு வா.

மாணவன்: எனக்கு 307-ஆம் அறைக்காரன்மேல்தான் சந்தேகம். ராத்திரியெல்லாம் படம் இறக்குகிறான்.

டெக்னீஷியன்: படம் இறக்கினால் வேகம் குறையும், அடியோடு நிற்காது. உன் லேப்டாப்பைக் கொண்டு வா. கேபிளையும்தான்.

(கேபிள் வருகிறது. முனையில் இருக்க வேண்டிய சின்ன பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருக்கிறது. அந்த இடத்தில் ஒரு ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றி, சொருகினால் கழன்று வராதபடி முடிச்சுப் போட்டிருக்கிறது.)

டெக்னீஷியன்: இது என்ன?

மாணவன்: மெஸ் பார்சல் சாம்பாரில் வந்த ரப்பர் பேண்ட். நன்றாகப் பிடிக்கிறது அண்ணாச்சி.

டெக்னீஷியன்: வாசனையும் பிடிக்கிறது. லேப்டாப்பில் கேபிள் போர்ட் எங்கே?

மாணவன்: மெலிசு மாடல். அதெல்லாம் கிடையாது.

(டெக்னீஷியன் பையைத் துழாவி ஒரு அடாப்டரை எடுத்துச் சொருகுகிறார். பச்சை விளக்கு மினுக்குகிறது. கறுப்புத் திரையைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று தட்டுகிறார். இந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தாலே பாதிப் பேருக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிற முகம் வந்துவிடும்.)

டெக்னீஷியன்: 192.168.0.14. ம்ம்.

மாணவன்: வியாதி பெரிசா?

டெக்னீஷியன்: இதுதான் உன் லேப்டாப்பின் ஐபி, நெட்வொர்க்கில் அதன் முகவரி. நம் விடுதியில் எல்லா ஐபியும் 10 என்றுதான் ஆரம்பிக்கும். இது நம் சர்வர் கொடுத்ததில்லை. வேறு எவனோ இந்த மாடியில் உட்கார்ந்துகொண்டு ஐபி விநியோகம் செய்கிறான்.

மாணவன்: அப்படியெல்லாம் செய்ய முடியுமா?

டெக்னீஷியன்: கம்ப்யூட்டர் சொருகியவுடன் ‘எனக்கு யாராவது முகவரி கொடுங்கள்’ என்று பொதுவாகக் கத்தும். எவன் முந்திக்கொண்டு கொடுக்கிறானோ அதை வாங்கிக்கொள்ளும். மண்டபத்தில் கீழே ஒரு கல்யாணம், மேலே ஒரு காதுகுத்து. வாசலில் எவனோ நின்று வருகிறவர்களையெல்லாம் மொட்டை மாடிக்கு அனுப்பினால்? பன்னீர் தெளிப்பான், சந்தனம் கொடுப்பான், சாப்பாடு மட்டும் கிடைக்காது.

மாணவன்: அடப்பாவி! தடுக்க வழியே இல்லையா?

டெக்னீஷியன்: டிஹெச்சிபி ஸ்னூப்பிங் என்று ஒன்று இருக்கிறது. நம் சர்வர் தவிர வேறு யார் முகவரி கொடுத்தாலும், மாடிக் கேபிளெல்லாம் வந்து சேருகிற ஸ்விட்ச் பெட்டியே மறித்துவிடும். கீழ் மாடிகளுக்குப் போட்டாயிற்று. உங்கள் மாடி ஸ்விட்ச் பழசு, அதில் அந்த வசதி இல்லை.

மாணவன்: அவனைப் பிடித்தால் சும்மா விடாதீங்க. அபராதம் போடுங்க. 32 பேர் வயிற்றெரிச்சல்!

டெக்னீஷியன்: பிடித்துவிடலாம். கேட்வே, அதாவது வெளியே போகிற வாசல், 192.168.0.1. பிரவுசரில் அடித்தால் ஆளே வந்து நிற்பான். பார், ஏதோ வீட்டு ரவுட்டர். பாஸ்வேர்டு கேட்கிறது. அட்மின், அட்மின்... திறந்துவிட்டது. மாற்றவே மாட்டார்கள். வைஃபை பெயர் என்ன போட்டிருக்கிறான்... ‘செங்கோட்டை சிங்கம்’.

(மௌனம். கொடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.)

மாணவன்: செங்கோட்டையில் நிறைய சிங்கம் உண்டு, அண்ணா.

டெக்னீஷியன்: இப்போது மட்டும் அண்ணாவா?

மாணவன்: படிவம் இரண்டு தடவை திரும்பி வந்ததே, அந்தக் கோபத்தில் நேற்று ரிச்சி தெருவுக்குப் போய்ப் பேரம் பேசி வாங்கினேன். எனக்கும் நெட் வரவில்லை, பெட்டி டூப்ளிகேட் என்று நினைத்துவிட்டேன்.

டெக்னீஷியன்: சுவரிலிருந்து வரும் கேபிளை எதில் சொருகினாய்?

மாணவன்: பின்னால் நாலு மஞ்சள் போர்ட், தனியாக ஒரு நீலம். பெரும்பான்மை பக்கம் போனேன்.

டெக்னீஷியன்: அந்த ஒற்றை நீலத்தில்தான் சொருக வேண்டும். வெளியிலிருந்து நெட் வருகிற வழி அது. நீ அதைக் காலியாக விட்டுவிட்டு, உன் ரவுட்டரை மாடிக்கே சர்வராக்கியிருக்கிறாய்.

மாணவன்: இப்போது நீலத்தில் மாற்றிவிட்டால்?

டெக்னீஷியன்: விடுதியில் சொந்த ரவுட்டரே கூடாது. படிவத்தின் பின்பக்கம் போட்டிருக்கிறது. போய்க் கழற்று.

(மாணவன் அறைக்குள் ஓடுகிறான். டெக்னீஷியன் மாடி ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து அணைத்துப் போடுகிறார். இரண்டு நிமிடத்தில் அறைக்கு அறை சத்தம்: “வந்துடுச்சுடா!” விசில். “மனு கொடுத்த செங்கோட்டை வாழ்க!” மாணவன் ரவுட்டரைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, கர்ப்பிணி மாதிரி நடந்து வருகிறான்.)

டெக்னீஷியன்: கேட்டதா? போய் மாலையை வாங்கிக்கொள்.

மாணவன்: அண்ணா, அடுத்த வாரம் மாடிப் பிரதிநிதி தேர்தல் வருகிறது. நீங்கள் கொஞ்சம் வாயைத் திறக்காமல் இருந்தால், கீழே டீ...

டெக்னீஷியன்: பஜ்ஜியும்.