கோச் சம்பளப் பட்டியலும் எங்கள் வாட்ஸப் சண்டையும்

போன வாரம் எங்கள் ஏரியா தமிழ் வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு பட்டியலைப் போட்டுவிட்டார்கள். டாலஸுக்கு வடக்கே இருக்கிற பெரிய அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஃபுட்பால் ஹெட் கோச்சுகள் ஆண்டுக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று. (இங்கே ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்வது, நம்ம ஊர் கால்பந்து இல்லை.) அதில் ஒரு லட்சம் டாலருக்குக் கீழே ஒருத்தர்கூட இல்லை. டெக்ஸஸில் ஆசிரியர்களின் சராசரிச் சம்பளமோ 2023-24 கணக்குப்படி 62,000 டாலர் வாக்கில்தான். வீட்டு வரி பில் வந்த வாரம் வேறு, கேட்கவா வேண்டும்? "நம்ம வரியில பந்து விளையாடுறாங்க" என்று ஒரு அண்ணா ஆரம்பித்துவைக்க, கணக்கு டீச்சர் கிடைக்காமல் மாதக்கணக்கில் சப்ஸ்டிட்யூட்டை வைத்து ஓட்டிய கதை, ஆலன் ஸ்டேடியம் கதை எல்லாம் வந்து ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஃபோன் டிங் டிங்கென்று அடித்துக்கொண்டே இருந்தது.

ஸ்டேடியம் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், ஒவ்வொரு தடவையும் அங்கே போய்த்தான் பேச்சு சிக்குகிறது. டாலஸுக்கு வடக்கே இருக்கிற ஆலன் ஊர்ப் பள்ளிக்கு ஆறு கோடி டாலர் செலவில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்தை 2012-இல் திறந்தார்கள், 2014-இல் கான்கிரீட்டில் விரிசல் கண்டு மூடினார்கள், 2015-இல் மறுபடி திறந்தார்கள். சிரிக்கவேண்டிய விஷயம்தான். ஆனால் அது 2009-இல் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்ட பாண்ட் பணம், அதாவது பத்திரம் விற்று வாங்கிய கடன். பாண்ட் பணத்தைக் கட்டடத்துக்கும் பஸ்ஸுக்கும் செலவு செய்யலாம், சம்பளத்துக்கு அதிலிருந்து ஒரு டாலர்கூட எடுக்க முடியாது. நம் வரி பில்லில் பள்ளி வரியே இரண்டு பங்காக இருப்பது அதனால்தான், ஒன்று அன்றாடச் செலவுக்கு, இன்னொன்று கடனை அடைக்க. ஸ்டேடியம் கட்டாமல் இருந்திருந்தால் டீச்சருக்குக் கூடக் கொடுத்திருக்கலாமே என்கிற வாதம் இந்த ஒரு இடத்தில் செல்லாது. சரி, கோச்சுக்கு வருவோம்.

நானும் ரெண்டு வருஷம் முன்னால் வரை அந்த அண்ணா மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தேன். மகள் பள்ளி மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள், ஃபுட்பால் ஆட்டங்களில் வாசிக்கிற பேண்ட் அதுதான். பேண்டில் பிள்ளை இருந்தால் அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி என்று ஒன்று கிடையாது, மைதானத்துத் தின்பண்டக் கடையான கன்செஷன் ஸ்டாண்டில் நாச்சோ மேல் சீஸ் ஊற்றிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். அங்கே நின்றபடி பார்த்ததில்தான் பட்டியலில் பெயர் இல்லாத கோச்சுகளைத் தெரிந்துகொண்டேன். ஹெட் கோச் ஒருத்தர்தான். அவருக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், எல்லோரும் பகலில் பாடம் எடுக்கிறவர்கள், சாயங்காலம் கோச். அவர்களுக்கு ஆசிரியர் சம்பளத்துக்கு மேல் 'ஸ்டைப்பெண்ட்' என்று ஒரு தொகை. என் மகளுக்கு அமெரிக்க வரலாறு எடுக்கிறவர் அதில் ஒருத்தர். அவருக்குக் கிடைப்பது வருஷத்துக்கு ஏழாயிரம் டாலர், அவரே சொன்னது, அதுவும் ரொம்பக் கூச்சப்பட்டுக்கொண்டு.

அதற்கு என்ன வேலை தெரியுமா? ஆகஸ்ட் தொடக்கத்திலேயே, பள்ளி திறக்கும் முன்னாலேயே, நூறு டிகிரி வெயிலில் பயிற்சி ஆரம்பம். திங்கள் முதல் தினமும் பள்ளிக்கு முன்னால் அல்லது பின்னால் மைதானம். வியாழக்கிழமை ஜேவி (பள்ளியின் இரண்டாம் நிலை அணி), ஒன்பதாம் வகுப்பு அணிகளின் ஆட்டம். வெள்ளிக்கிழமை பெரிய ஆட்டம், வீடு திரும்ப நள்ளிரவு. சனிக்கிழமை காலை பசங்களோடு உட்கார்ந்து முந்தின நாள் ஆட்டத்தின் வீடியோ. ஞாயிறு மத்தியானம் கோச்சுகள் மட்டும் கூடி அடுத்த எதிரணியின் வீடியோ. நடுவே ஜெர்ஸி துவைப்பது யார், வெளியூர் ஆட்டத்துக்குப் பஸ் ஓட்டுவது யார் என்றால் அதுவும் பல இடங்களில் இவர்கள்தான், அதற்கென்றே கமர்ஷியல் டிரைவிங் லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கிறார்கள். லீக் ஆட்டம் மட்டும் பத்து. அணி நன்றாக ஆடினால் ப்ளே ஆஃப் என்கிற நாக்-அவுட் சுற்று, கடைசிவரை போனால் டிசம்பர் நடுவில் பதினாறாவது ஆட்டம். ஜெயிக்க ஜெயிக்க வேலை கூடும், ஏழாயிரம் ஏழாயிரமாகவே இருக்கும். கன்செஷன் ஸ்டாண்ட் டிஷ்யூ பேப்பரில் ஒருநாள் கணக்குப் போட்டேன். பாடம் எடுக்கும் நேரம் போக வாரத்துக்கு முப்பது மணி நேரம் கூடுதல் என்று குறைத்தே வைத்தாலும், இருபது வாரத்துக்கு 600 மணி. வசந்தகாலப் பயிற்சி, கோடைப் பயிற்சி, பெரும்பாலும் கட்டாயமாக ஏற்கவேண்டிய இரண்டாவது விளையாட்டு, எல்லாம் சேர்த்தால் மணிக்குப் பத்து டாலர் வந்தாலே அதிகம். ஹைவேயில் பக்-ஈஸ் பெட்ரோல் பங்க் கடை வாசலில் கூலி விவரம் எழுதி போர்டு வைத்திருப்பார்களே, அதில் கல்லாவில் நிற்கிறவருக்கு இதைவிட நல்ல தொகை போட்டிருக்கும்.

ஹெட் கோச்சுக்கே வந்தாலும், டெக்ஸஸில் பள்ளி விளையாட்டுப் போட்டிகளை நடத்துகிற யூ.ஐ.எல். அமைப்பின் விதிப்படி கோச் என்பவர் பள்ளி மாவட்டத்தின் முழுநேர ஊழியராக இருக்க வேண்டும், ஓய்வுபெற்ற ஆசிரியர் மாதிரி சில விலக்குகள் தவிர. ஆசிரியருக்கு ஒப்பந்தம் 187 நாள் என்றால் பெரிய பள்ளி ஹெட் கோச்சுக்குப் பல இடங்களில் 220 நாளைத் தாண்டும். மற்ற விளையாட்டுகளின் மேற்பார்வையும் அவர் தலையில்தான். ஊர்ப் பணக்காரர்கள் கவர் கொடுத்து ஈடுகட்டவும் முடியாது, கோச் வேலையைப் பாராட்டி யார் எது கொடுத்தாலும் வருஷத்துக்கு மொத்தம் 500 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. அந்தச் சம்பளம் அதிகமா என்றால், கொஞ்சம் அதிகம்தான் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அது ஒரு வேலைக்குக் கொடுக்கிற சம்பளம். செய்கிற வேலை என்ன, அதற்குக் காசு எவ்வளவு என்று வெள்ளையாக எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது எழுதிவைக்காத அந்த மிச்சப் பத்துப் பேர் விஷயத்தில்தான்.

இவர்கள் ஓவர்டைம் கேட்க முடியாது. அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தில் ஆசிரியர்களுக்கு ஓவர்டைம் விதி பொருந்தாது. சரி, ஆசிரியராக இல்லாத ஒருத்தர் கோச்சாக இருந்தால்? வர்ஜினியாவில் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிப் பள்ளி ஒன்றில் பாதுகாப்பு உதவியாளராக இருந்துகொண்டே கால்ஃப் கோச்சாகவும் இருந்த ஒருவர் வழக்குப் போட்டுப் பார்த்தார். 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பதில், கோச் வேலையைப் பொறுத்தவரை நீங்கள் தன்னார்வலர். ஸ்டைப்பெண்ட் வாங்கினாரே என்றால் அது பேருக்குக் கொடுக்கிற தொகையாம். தொழிலாளர் துறை இதற்கு ஒரு அளவுகோலே வைத்திருக்கிறது. அதே வேலைக்கு முழுநேரக் கோச் ஒருத்தரை வைத்தால் ஆகும் செலவில் 20 சதவீதத்துக்குள் கொடுத்தால், அது கூலி ஆகாது. இன்னொரு தடவை படியுங்கள். கொஞ்சமாகக் கொடுத்தால் கொடுத்ததாகவே கணக்கில்லை! இதை எழுதியவரை எனக்கு நேரில் பார்க்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் இருக்கிற என் சித்தி மகனிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறான். அங்கே ஹெட் கோச்சுக்கே பல பள்ளிகளில் சில ஆயிரம் டாலர் ஸ்டைப்பெண்ட்தான், பகலில் வேறு எங்கேயோ வேலை பார்த்துவிட்டு மூணு மணிக்கு மைதானத்துக்கு ஓடி வருகிறவர்கள் நிறைய. ஃப்ளோரிடா இன்னும் விசேஷம். என்.எஃப்.எல். என்கிற தொழில்முறை ஃபுட்பால் லீக்குக்கு வீரர்களை வண்டி வண்டியாக அனுப்புகிற மாநிலம், கோச்சுக்குக் கொடுப்பதோ சில ஆயிரம். நல்ல கோச்சுகள் எல்லையைத் தாண்டி ஜார்ஜியாவுக்குப் போய்விடுகிறார்கள் என்று அங்கே பல வருஷப் புலம்பல். ஃப்ளோரிடாவில்தான் டெடி பிரிட்ஜ்வாட்டர் கதை நடந்தது. என்.எஃப்.எல்.லில் குவார்ட்டர்பேக்காக (அணியின் ஆட்டத்தை நடத்துகிற வீரர்) இருந்தவர், தான் படித்த மயாமி நார்த்வெஸ்டர்ன் பள்ளிக்கே கோச்சாக வந்து 2024-இல், முதல் வருஷமே, மாநிலப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2025 கோடையில் அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். குற்றம்? பசங்களுக்கு ஊபர், சாப்பாடு, அடிபட்ட உடம்பைத் தேற்றும் சிகிச்சை என்று கைக்காசைப் போட்டாராம், அது அப்போதைய விதிப்படி கொடுக்கக் கூடாத சலுகை. விதி எதற்காக என்று புரியாமல் இல்லை, காசு காட்டி ஆள் இழுப்பதைத் தடுக்க வேண்டும்தான். ஆனால் என்.எஃப்.எல். காசு வைத்திருந்தவர் செய்ததால் செய்தியானது. ஏழாயிரம் வாங்குகிறவர் தன் காரில் நாலு பசங்களை ஏற்றிக்கொண்டு போய் பர்கர் வாங்கிக்கொடுத்தால் அது எந்தப் பட்டியலிலும் வராது.

இதில் ஒரு அம்மாவாக எனக்கு உறைக்கிற விஷயம் வேறு. டெக்ஸஸில் பல கோச்சுகளுக்கு ஆசிரியர் வேலையும் கோச் வேலையும் ஒரே ஒப்பந்தத்தில் முடிச்சுப் போட்டு வருகிறது. வகுப்பு போதும், கோச் வேலை வேண்டாம் என்று விட முடியாது, விட்டால் இரண்டும் போகும். அப்போது ஆள் எடுப்பது எப்படி நடக்கும்? டிஃபென்ஸுக்கு ஒரு கோச் தேவை, வரலாற்றில் ஒரு இடம் காலி, போட்டுவிடு. வரலாறு, ஜியாக்ரஃபி என்றாலே "கோச் வகுப்பு" என்று பசங்க சொல்கிற அளவுக்கு இது ஊரறிந்த சங்கதி. என் மகளின் ஆசிரியர் நிஜமாகவே நல்லவர், உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மணி அடிப்பது தெரியாது என்கிறாள். ஆனால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை வியாழக்கிழமை கடைசி பீரியட்டில் அவர் இருப்பதில்லை. பதினொன்றாம் வகுப்பு அமெரிக்க வரலாற்றுக்கு ஸ்டேட் பரீட்சை இருக்கிறது, அதை எழுதப்போவது என் பெண். இதைப் பற்றிப் பள்ளிக்கு ஒரு மெயில் போட்டேன். "உங்கள் அக்கறைக்கு நன்றி" என்று பதில் வந்தது, அவ்வளவுதான்.

அதனால் எனக்கு என்ன வேண்டும் என்றால், கோச் வேலையைத் தனி வேலையாக்கித் தனி ஒப்பந்தம் போட்டு மணிக்கணக்குப் பார்த்துக் காசு கொடுங்கள். ஹெட் கோச் சம்பளத்தில் கை வைத்துக் கொடுத்தாலும் சரி, அணியில் பன்னிரண்டு கோச் எதற்கு, எட்டுப் பேர் போதும் என்றாலும் சரி. வரலாற்று ஆசிரியரை வரலாறு தெரிந்ததற்காக எடுங்கள். அவருக்கு ஃபுட்பாலும் பிடித்தால் சந்தோஷம். காசு எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். வாரத்துக்கு முப்பது மணி நேர உழைப்பு இத்தனை வருஷமாகச் சும்மா கிடைத்துக்கொண்டிருந்ததே, அந்தச் செலவு இல்லாமல் போய்விடவில்லை, அந்த ஆளின் மனைவி, பிள்ளை தலையில் எழுதப்பட்டிருந்தது.

இதையெல்லாம் சுருக்கி வாட்ஸப் குழுவில் போட்டேன். அந்த அண்ணா ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா, ஸ்டேடியத்துக்கு ஆறு கோடி எதுக்கு?" என்று மறுபடி கேட்டிருக்கிறார்.

நாளைக்கு ஜேவி ஆட்டம், ஒரு மணி நேரத் தொலைவில். வரலாற்று வகுப்புக்கு சப்ஸ்டிட்யூட், ஏதோ டாக்குமெண்டரி போடுவார்களாம். பஸ்ஸை ஓட்டப்போவது அவளுடைய வரலாற்று ஆசிரியர்தான் என்றாள் மகள்.