ஷூட்-அவுட் வேறு, பெனால்டி ஸ்ட்ரோக் வேறு

2013-இல் ஜெர்மனியின் மோன்ஷன்கிளாட்பாகில் நடந்த ஜூனியர் மகளிர் ஹாக்கி உலகக் கோப்பையில் இந்தியா "பெனால்டி ஸ்ட்ரோக் அதிர்ஷ்டத்தால்" வெண்கலம் வென்றது என்று சொல்வது தவறு. வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் இங்கிலாந்துடன் 1-1 சமநிலை. 3-2 என வென்றது, சமநிலையான ஆட்டத்தின் வெற்றியாளரை முடிவு செய்யும் ஷூட்-அவுட்டில். ஸ்ட்ரோக் என்றால் ஒரே தொடுகை, ஓங்கி அடிக்கக் கூடாது, தள்ளியோ தூக்கியோதான் விட வேண்டும். கோல்கீப்பர் கோல் கோட்டிலிருந்து முன்னே வர முடியாது. ஷூட்-அவுட்டில் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு ஓடிவர 8 விநாடி. விசில் அடித்ததும் கீப்பரும் பாய்ந்து வரலாம். தடுத்த பந்து திரும்பி வந்தால், நேரம் மிச்சமிருக்கும்வரை மறுபடியும் அடிக்கலாம். தடுமாறுபவர்கள் பெரும்பாலும் கீப்பரை ஏமாற்ற அகலமாகச் சுற்றிப்போய் நேரத்தைக் கரைப்பவர்கள். கீப்பர் வேண்டுமென்றே ஃபவுல் செய்தால்தான் அங்கே ஸ்ட்ரோக் கிடைக்கும். பந்துக் கட்டுப்பாடும் நிதானமும் வாங்கித்தந்த பதக்கத்தை அதிர்ஷ்டம் என்று சொல்லாதீர்கள். ஜூனியர் மகளிர் உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் பதக்கம் அது.