வீட்டு விலைக் கணக்கு கூலி பேசவும் உதவும்

ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதி வாக்கில் சில்லறைப் பணவீக்கம், அதாவது கடை விலைகள் ஓராண்டில் ஏறிய அளவு, இத்தனை சதவீதம் என்று தில்லியிலிருந்து ஓர் எண் வருகிறது. 2025 அக்டோபரில் அது வெறும் 0.25 சதவீதம். உணவுப் பொருட்களை மட்டும் எடுத்தால் முந்தைய ஆண்டைவிட 5 சதவீதம் இறக்கம். காய்கறியும் பருப்பும் நன்றாக இறங்கியிருந்தன, அதனால் அந்தக் கணக்கைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே நாட்களில் தேங்காயும் தேங்காய் எண்ணெயும் ஏறிப்போய் நின்றன. தேங்காய் இல்லாமல் நம் வீடுகளில் சட்னி ஏது, குழம்பு ஏது?

நாடு முழுவதற்கும் சேர்த்து எடுக்கிற சராசரி அப்படித்தான் இருக்கும். என் கவலை வேறு. இப்படி எடுக்கிற விலைக் கணக்குகளால் யாருக்குச் சம்பளம் ஏறுகிறது, யாருக்கு ஏறவில்லை என்பதுதான்.

மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தனியாக ஒரு விலைக் குறியீடு வெளியிடுகிறது. அதற்கு 88 ஊர்களில் விலை எடுக்கிறார்கள், மதுரையும் அதில் ஒன்று. அந்தக் குறியீட்டை வைத்துத்தான் மத்திய அரசு ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை அகவிலைப்படி கணக்காகிறது. நல்ல ஏற்பாடு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் ஊர் விலையும் சேர்ந்து உருவாகிற அந்தக் கணக்கு, மாட்டுத்தாவணியில் தக்காளிப் பெட்டி இறக்கும் லோடுமேனையும், கீழமாசி வீதிப் பலசரக்குக் கடையில் பருப்பு நிறுக்கும் பையனையும், நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவையும் எட்டுவதே இல்லை.

குறைந்தபட்சக் கூலி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதோடு சேரும் அகவிலைப்படியைத் தமிழ்நாட்டில் சென்னை நகர விலைக் குறியீட்டை வைத்துத்தான் ஏற்றுகிறார்கள். மதுரைக் கடை ஊழியருக்கும் சென்னைக் கணக்குதான். அதையும் எத்தனை முதலாளிகள் கொடுக்கிறார்கள், எத்தனை தொழிலாளிகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியும்?

சம்பளம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும். 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட பணவீக்கக் கணக்கில், வீட்டுச் செலவில் உணவுக்கும் பானங்களுக்கும் நகரத்தில் 36 சதவீதம், கிராமத்தில் 54 சதவீதம் பங்கு கொடுத்திருந்தார்கள். நகரத்திலேயே வாடகையும் கட்டிக்கொண்டு கிராமத்தார் போலப் பாதிக்கு மேல் வயிற்றுக்கே செலவழிக்கும் குடும்பங்கள் மதுரையில் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களுக்கு அந்த 36 பொருந்துமா?

அப்புறம், ஏறியது எல்லாம் இறங்குவதும் இல்லை. 2023 ஜூலையில் தக்காளி ஏறியபோது ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்கும் நிலை வந்தது. அந்த மாதப் பணவீக்கம் 7.44 சதவீதம். பிறகு தக்காளி இறங்கியது, பணவீக்கமும் இறங்கியது. ஆனால் ஒருமுறை ஏற்றிய சாப்பாட்டு விலையைத் தக்காளி மலிந்துவிட்டது என்று குறைத்த ஓட்டலை நான் பார்த்ததில்லை. வெளியில் சாப்பிட்டே வேலை பார்ப்பவர்களுக்கு அது நிரந்தரச் சுமை.

அதனால்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் விலையை எழுதி வையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். மொத்தச் செலவை எழுதினால் போதாது. போன மாதம் நாலாயிரம், இந்த மாதம் ஐயாயிரம் என்றால், விருந்தாளி வந்ததா விலை ஏறியதா என்று எப்படித் தெரியும்? பொருள், ரகம், எடை, கடை, தேதி எல்லாம் வேண்டும். பழைய பொன்னியைப் புதுப் பொன்னியோடு ஒப்பிடக் கூடாது. சிப்பத்தின் விலையை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. உடனே அந்த வரி படாத 26 கிலோ சிப்பம் கடைக்கு வந்துவிட்டது. ஆகவே எப்போதும் கிலோவுக்கு என்ன விலை என்று வகுத்து எழுதுங்கள். எண்ணெய் பாக்கெட்டிலும் எடையைப் பாருங்கள். ஒரு லிட்டர் என்றால் சுமார் 910 கிராம் இருக்க வேண்டும், அதே உயரப் பாக்கெட் 850 கிராமிலும் வருகிறது. தேங்காயை எண்ணிக்கையில் வாங்கினாலும் ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள்.

காய்கறிக்கு உழவர் சந்தை விலைப்பலகையை ஒரு போட்டோ எடுத்தாலே போதும். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம் மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கியது. வாரத்துக்கு ஒரு நாள், அதே கிழமையில் எடுத்தால் ஓராண்டில் நல்ல ஆவணம் கையில் இருக்கும்.

கூலி உயர்வு கேட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் "கட்டுப்படியாகலைங்க" என்று மட்டும்தான் சொல்கிறார்கள். முதலாளியும் "எனக்கும்தான்" என்று முடித்துவிடுகிறார். அரிசி, பருப்பு, எண்ணெய், சின்ன வெங்காயம், பூண்டு, பால், முட்டை ஆகியவற்றின் போன வருட விலையும் இந்த வருட விலையும் ஒரு தாளில் இருந்தால் பேச்சு அங்கே முடியாது. நம் வீட்டில் வேலை செய்பவர் கேட்பதற்கு முன்னால் நாமே அந்தத் தாளைப் பார்த்துச் சம்பளத்தை ஏற்றலாம். சங்கங்களும் தீபாவளி போனஸ் பேச்சுக்கு இதைக் கொண்டுபோகலாம்.

மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கம் இருப்பவர்கள் உங்கள் ஊர் விலையைக் கமெண்டில் போடுங்கள். ரகமும் எடையும் கடையா சந்தையா என்பதும் சேர்த்து எழுதுங்கள். வருகிற விலைகளையெல்லாம் மாதக் கடைசியில் ஒரே பட்டியலாக்கி இங்கேயே போடுகிறேன். கூலி பேசப் போகிற யாரும் எடுத்துக்கொள்ளலாம்.