அறிக்கை எழுதுவது மட்டும் அல்ல

"தொழிற்சங்கமோ கட்சியோ, மக்கள் தொடர்பு வேலை என்றால் பத்திரிகைக்கு அறிக்கை எழுதி அனுப்புவதுதான். இரண்டும் ஒன்றுதான்" என்று சிலர் சொல்கிறார்கள். இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் இதை நம்பிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். அறிக்கை எழுத வேண்டும், சரி. ஆனால் சங்கத்தில் உங்கள் முதல் வாசகர் நிருபர் அல்ல, உறுப்பினர்.

1997 ஆகஸ்டில் அமெரிக்காவில், வீடுகளுக்குப் பொதிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் யூபிஎஸ் நிறுவனத்தில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பாருங்கள். டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் சுமார் 1,85,000 பேர் 15 நாள் வேலையை நிறுத்தினார்கள். அதற்கான வேலை பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருந்தது. எது முக்கியம் என்று உறுப்பினர்களிடமே கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார்கள். பகுதிநேர வேலை ஒரு நிறுவனத்தின் சிக்கல் மட்டுமல்ல, எல்லா உழைக்கும் குடும்பங்களுக்கும் வரும் சிக்கல் என்று பேசினார்கள். தினமும் கதவைத் தட்டும் ஓட்டுநரை மக்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவர் சொன்னதை நம்பினார்கள். கடைசியில் 10,000 புதிய முழுநேர வேலைகளுக்கு நிறுவனம் ஒப்புக்கொண்டது. நல்ல அறிக்கை மட்டும் இதைச் சாதித்திருக்காது.

கட்சி வேலைக்குத் தேர்தல் தேதி இருக்கிறது, எல்லாம் அதை நோக்கி ஓடும். சங்கத்தில் பேச்சுவார்த்தை நடக்கும்போது வாயைத் திறக்காமல் இருப்பதே சில நாள் வேலை. அவசரமாகச் சொன்ன ஒரு வரி ஒப்பந்தத்தையே கெடுத்துவிடும்.

அப்புறம், சட்டமும் வேறு. அமெரிக்காவில் தொழிற்சங்கங்களுக்குக் கட்டுப்பாடுகள் விதித்த 1947இன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்துக்குப் பிறகு, கூட்டாட்சித் தேர்தல் (அதிபர், நாடாளுமன்றத் தேர்தல்) வேட்பாளருக்குச் சங்கம் தன் சந்தா நிதியிலிருந்து நன்கொடை தர முடியாது. அதற்கு உறுப்பினர்கள் விருப்பப்பட்டுத் தரும் பணத்தில் தனி நிதிக்குழு வைக்கிறார்கள்.