டாக்டர் சொன்ன ஜோகிங்

மலேசியாவின் சுங்கை சிப்புட். காலை ஏழரை மணி. பாடாங் என்கிற ஊர்த் திடலின் ஓரத்து ஒட்டுக்கடையில் முனியாண்டி உட்கார்ந்திருக்கிறார். செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் வியர்வை உறிஞ்சும் துணிப் பட்டை, காலில் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய புதுச் சப்பாத்து. வியர்வை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. மேசையில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக் தேநீர். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே முழங்கால் தேய்ந்த சாமிக்கண்ணு உள்ளே நுழைகிறார்.

சாமி: என்ன முனி, ஓட்டப்பந்தயத்துக்கு உடுத்திக்கொண்டு ரொட்டியைப் பிய்க்கிறாய்?

முனி: வாங்க அண்ணே. ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டதாம். டாக்டரம்மா ஜோகிங் போகச் சொல்லிவிட்டார்.

சாமி: நீ இந்த ரொட்டி தின்பது அவருக்குத் தெரியுமா?

முனி: அதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "ஜாங்ஙான் லாரி, ஜோகிங் சஹாஜா" என்றார். அவ்வளவுதான்.

சாமி: லாரி வேண்டாம் என்றாரா? உன்னிடம் சைக்கிள் கூட இல்லையே!

முனி: பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருந்துகொண்டு மலாய் தெரியாத மாதிரி பேசாதீங்க லா. ஓடக் கூடாது, ஜோகிங் மட்டும் போகலாம்.

சாமி: இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

முனி: மணிக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டருக்குக் கீழே போனால் ஜோகிங், அதற்கு மேலே போனால் ஓட்டம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கணக்கு வேண்டாம் என்றால் வாயைப் பார்த்தால் போதும். கூட வருகிறவரோடு பேசிக்கொண்டே போக முடிந்தால் ஜோகிங். பேச்சு நின்று மூச்சு மட்டும் வந்தால் ஓட்டம்.

சாமி: பேச்சு நிற்காததுதான் தகுதி என்றால் நீ உட்கார்ந்த இடத்திலேயே பாஸ்.

முனி: கிண்டல் பண்ணாதீங்க. நான் காலையிலேயே செய்துவிட்டேன். ஆலையில் மோட்டார் பேனலில் "ஜோக்" என்று ஒரு பொத்தான் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா?

சாமி: நான் பார்த்த பேனல் எல்லாம் ரப்பர் மரத்துப் பட்டைதான்.

முனி: ஸ்டார்ட் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஜோக் அப்படி இல்லை. விரல் அழுத்தும் வரைதான் சுற்றும், விரலை எடுத்தால் நின்றுவிடும். கன்வேயர் சங்கிலி மாட்டும்போது ஒரு பல், இரண்டு பல் என்று நகர்த்தத்தான் அது. டாக்டரம்மா ஜோகிங் என்றதும் எனக்கு அந்தப் பொத்தான்தான் கண் முன்னே வந்தது.

சாமி: விரல் யாருடையது?

முனி: என் வீட்டுக்காரி மல்லிகாவுடையது. அவள் வாசலில் நின்று பார்க்கும் வரை சுற்றினேன். கதவைச் சாத்தினாள், நின்றுவிட்டேன்.

சாமி: அடப்பாவி!

முனி: இதற்கே இப்படிச் சொன்னால் எப்படி? ஈப்போவில் மருமகன் அச்சகத்தில் தாள் கட்டை மேசையில் தட்டித் தட்டி ஓரம் சேர்க்கிறார்கள், அதற்கும் ஜோகிங் என்றுதான் பெயர். தானே அதிர்ந்து தாளை அடுக்குகிற இயந்திரம்கூட இருக்கிறது.

சாமி: உன் தொந்தியை அதில் ஏற்றி ஓரம் சேர்த்திருக்கலாமே?

முனி: மறந்துபோனதைத் தட்டி எழுப்புவதற்கும் வெள்ளைக்காரன் அதே சொல்லைத்தான் சொல்வானாம்.

சாமி: அப்படியா? தீபாவளிக்கு முன்னால் நீ கடன் வாங்கின ஐம்பது வெள்ளிக்கு நானும் ஒரு ஜோக் கொடுக்கட்டுமா?

முனி: அந்த அர்த்தம் இந்தப் பக்கம் அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை அண்ணே.

(ரொட்டி இரண்டாவது தட்டுக்குப் போகிறது. பருப்புக் குழம்பு வேறு கூடுதலாக.)

சாமி: சரி, நல்லா இருந்த மனுஷனை இப்படி மெதுவாக ஓடவைத்த புண்ணியவான் யார்?

முனி: நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு பயிற்சியாளர். ஆக்லாந்தில் இதய நோய் வந்தவர்களைக்கூட மெதுவாக ஓடவிட்டவர். 1962-இல் அமெரிக்காவிலிருந்து பில் பவர்மேன் என்ற பயிற்சியாளர் அங்கே போனார். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவரோடு ஓடப் போய், பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாராம். அந்த ரோஷம். ஊருக்குத் திரும்பி எல்லாரையும் ஓடச் சொன்னார். 1967-இல் ஓர் இதய மருத்துவரையும் சேர்த்துக்கொண்டு ஜோகிங் பற்றிப் புத்தகமே போட்டுவிட்டார். நைக்கி சப்பாத்துக் கம்பெனியைத் தொடங்கிய இரண்டு பேரில் அவரும் ஒருவர்.

சாமி: அப்படிச் சொல்லு! ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் சப்பாத்து. நாங்கள் இருட்டோடு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாக மரம் வெட்டி, மழைக்கு முந்திப் பாலைச் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தோமே, அதைப் பற்றி ஒருத்தனாவது புத்தகம் போட்டானா? வேலை மேய்த்த தண்டல் ஏசினார், அதோடு சரி.

முனி: ஓடினால் மட்டும் என்ன அண்ணே? ஜிம் ஃபிக்ஸ் என்று ஒரு அமெரிக்கர். ஓடுவதைப் பற்றி எழுதியே பேர் வாங்கினவர். 1984-இல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்து போய்விட்டார். வயது 52தான்.

(ஓடச் சோம்பல்படும் யாரைக் கேட்டாலும் இந்த ஒரு கதை மட்டும் மனப்பாடமாக இருக்கும். அந்த மனிதர் ஓடத் தொடங்கியதே 35 வயதில். அதுவரை சிகரெட்டும் பருமனுமாக இருந்தவர். அவருடைய தகப்பனார் 43 வயதிலேயே மாரடைப்பில் இறந்தவர். இந்தப் பகுதி யாருக்கும் ஞாபகம் இருக்காது.)

சாமி: அதெல்லாம் இருக்கட்டும். கோலாலம்பூரில் இருக்கும் உன் மகள் உன் கைப்பேசியில் ஏதோ ஏற்றிக் கொடுத்திருக்கிறாள் என்றாயே? நீ எங்கே போகிறாய், எவ்வளவு வேகம் என்று அங்கிருந்தே பார்ப்பாளாமே. அது எங்கே?

முனி: (குரலைத் தாழ்த்தி) கருப்பன் கழுத்தில்.

சாமி: எந்தக் கருப்பன்?

முனி: வீட்டு நாய்தான். பழைய டார்ச் லைட் உறையில் போட்டுப் பட்டையில் கட்டிவிட்டேன். தினமும் காலையில் பாடாங்கைச் சுற்றி வருகிற ஜீவன். ஒரே சீரான ஓட்டம் அண்ணே, மணிக்கு 9 கிலோமீட்டர். "அப்பா சூப்பர்" என்று மகள் நேற்று மாலை படம் அனுப்பியிருந்தாள்.

(சாமிக்கண்ணுவின் கைப்பேசி அடிக்கிறது.)

சாமி: சொல்லும்மா... ஆமாம், பெரியப்பாதான்... அப்பாவா? ஜோகிங் போயிருக்கிறார் அம்மா... என்னது, ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்திலும் நின்று நின்று போகிறாரா?

முனி: (கையை ஆட்டி) மூச்சு வாங்க நிற்கிறார் என்று சொல்லுங்க!

சாமி: மூச்சு வாங்குகிறார் அம்மா... என்ன, திடீரென்று 35 கிலோமீட்டர் வேகமா? இரு இரு. (வாயைப் பொத்தி) ஏண்டா முனி, மாரத்தான் ஓட்டக்காரன் கெல்வின் கிப்டும்கூட 2023-இல் சிகாகோவில் மணிக்கு 21 கிலோமீட்டர் கணக்கில்தான் ஓடினான் என்கிறாள் உன் மகள். நீ 35!

முனி: ஐயோ! செம்பனைக் குலை ஏற்றின லாரி போயிருக்கும். அதைக் கண்டால் கருப்பன் துரத்துவான்.

சாமி: (கைப்பேசியில்) ஒன்றும் இல்லை அம்மா, லாரி... ஆமாம், லாரிதான்... மலாய் லாரி இல்லை, தமிழ் லாரி... சரி, நீயே குழம்பாதே. இப்போது எங்கே நிற்கிறாராம்?... மார்க்கெட்டிலா? கோழிக்கடை எதிரிலா? அசையாமலா?

முனி: கழுத்தெலும்பு போடுகிற நேரம்!

சாமி: என்னம்மா? அம்மாவிடம் சொல்லிவிட்டாயா? மயக்கம் போட்டிருப்பார் என்று அம்மா கப்சாய் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாரா? சரி, சரி, நானும் பார்க்கிறேன். (வைக்கிறார்.) முனி, மல்லிகா கோழிக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். பொத்தானை அழுத்தியாகிவிட்டது.

முனி: குறுக்கே புகுந்தால் ஒரு கிலோமீட்டர் வருமா அண்ணே?

சாமி: கொஞ்சம் கூடவே வரும். ரொட்டிக் காசு?

முனி: அந்த ஐம்பதோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்க!

(மேசை ஆட, நாற்காலி சாய, முனியாண்டி பாடாங்குக்குள் பாய்கிறார். முதல் பத்தடியிலேயே வியர்வைப் பட்டை கண்ணுக்கு இறங்கிவிடுகிறது.)

சாமி: (எழுந்து நின்று கத்துகிறார்) முனி! டாக்டர் சொன்னதை மறக்காதே, ஜாங்ஙான் லாரி!

முனி: (தூரத்திலிருந்து) லாரி கிடைத்தால் ஏறியே போயிருப்பேன் லா!